கிரீன் கார்டு கையில், குடியிருப்பு சென்னையில்: அமெரிக்காவுக்கு வரிக் கணக்குக் காட்ட வேண்டுமா?

கேட்டவரின் நிலைமை இது. 2016 டிசம்பரில் அமெரிக்காவில் கிரீன் கார்டு பெற்றார். தந்தையின் உடல்நிலை காரணமாக 2022 ஜூனில் அங்கே வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்கு வந்துவிட்டார். இங்கே ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஆண்டுக்கு 42 லட்சம் ரூபாய் சம்பளம். 2023இல் திருமணம் நடந்தது. மனைவி அமெரிக்கா போனதே இல்லை. 2024இல் தந்தை காலமானார். கும்பகோணத்தில் ஒரு வீடும், பக்கத்துக் கிராமத்தில் கொஞ்சம் நஞ்சை நிலமும் மகன் பெயருக்கு வந்தன. வைப்புநிதி, பிபிஎஃப், மாதந்தோறும் மியூச்சுவல் ஃபண்ட் எஸ்ஐபி, அம்மாவோடு ஒரு கூட்டுக் கணக்கு ஆகியவையும் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு வாரம் அமெரிக்கா போய்வருகிறார். 2022க்கான அமெரிக்கக் கணக்கில் அங்கே வாங்கிய அரையாண்டுச் சம்பளத்தை மட்டும் காட்டினார். அதன்பின் எதையும் தாக்கல் செய்யவில்லை. "அங்கே ஒரு டாலர்கூட இப்போது சம்பாதிக்கவில்லை, இந்தியாவில் முழு வரியும் கட்டுகிறேன், கார்டும் இந்த டிசம்பரில் காலாவதியாகிவிடும். பிறகு ஏன் அங்கே கணக்குக் காட்ட வேண்டும்?" என்று கேட்கிறார்.

காட்டியே ஆக வேண்டும். கிரீன் கார்டு வைத்திருப்பவர் எந்த ஊரில் குடியிருந்தாலும், எந்த நாணயத்தில் சம்பாதித்தாலும், அமெரிக்க வரிச் சட்டத்தின் கணக்கில் அவர் அமெரிக்கவாசிதான். அந்நாட்டுக் குடிமக்களைப் போலவே உலகில் எங்கிருந்து வரும் வருமானத்தையும் படிவம் 1040இல் காட்டும் கடமை அவருக்கு உண்டு. இப்படிக் காட்டுவதால் உண்மையில் கட்ட வேண்டி வரும் வரி பெரும்பாலோருக்குச் சிறிய தொகைதான். பலருக்கு ஒன்றுமே இருக்காது. ஆனால் தெரிவிக்க வேண்டியதைத் தெரிவிக்காமல் விட்டதற்கான தண்டத்தொகை அப்படிச் சிறியதல்ல. வரி கட்டும் கடமையும் தகவல் தெரிவிக்கும் கடமையும் இங்கே தனித்தனியானவை என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொண்டால், மீதியெல்லாம் புரிந்துகொள்ள எளிதாக இருக்கும்.

கார்டு காலாவதியாவதைப் பற்றிய எண்ணத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். 1984ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்ட சட்டத்திருத்தத்தின்படி, நிரந்தரக் குடியிருப்புத் தகுதி ஒருவருக்குத் தரப்பட்டுவிட்டால், அது முறைப்படி முடித்துவைக்கப்படும் வரை வரிக் கடமை தொடரும். முடித்துவைப்பதற்கு வழிகள் சிலவே: நீங்களே ஐ-407 என்ற படிவத்தைக் குடியேற்றத் துறைக்கு அனுப்பித் தகுதியைத் திருப்பித் தருவது, அல்லது குடியேற்ற அதிகாரிகளோ நீதிமன்றமோ உங்கள் தகுதி முடிந்துவிட்டது என்று இறுதியாக ஆணையிடுவது. கார்டில் அச்சிட்டிருக்கும் தேதி அந்த அட்டைக்கு உரியது, தகுதிக்கு உரியதல்ல. அதேபோல, ஓராண்டுக்கு மேல் வெளியே இருந்துவிட்டால் கார்டு தானாகவே செத்துப்போகும், அதோடு வரியும் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். நீண்ட காலம் வெளியே இருந்தவரை விமான நிலையத்தில் திருப்பி அனுப்ப முயலலாம் என்பது உண்மை. ஆனால் அது குடியேற்றச் சட்டத்தின் விவகாரம். வரித் துறையான ஐஆர்எஸ்ஸைப் பொறுத்தவரை, படிவமோ ஆணையோ இல்லாதவரை நீங்கள் பத்தாண்டு ஊரில் இருந்தாலும் கணக்குக் காட்ட வேண்டியவர்தான். ஐ-407ஐத் தபாலில் அனுப்புகிறவர்கள், அது போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும். எந்த நாளோடு கடமை முடிந்தது என்று பிற்பாடு நிரூபிக்க அந்தச் சீட்டுதான் ஆதாரம்.

உங்கள் வருமானம் குறைவு, வரம்புக்குள் வராது என்ற எண்ணமும் இங்கே செல்லாது. தனியாளுக்கு வரம்பு பதினைந்தாயிரம் டாலரை ஒட்டி இருக்கிறது. ஆனால் மணமானவர், தம்பதியாகச் சேர்ந்து தாக்கல் செய்யாமல் தனித்துத் தாக்கல் செய்தால், வரம்பு வெறும் 5 டாலர். கிரீன் கார்டு இல்லாத மனைவி இந்தியாவில் இருக்கும்போது, வேறு தெரிவு செய்யாவிட்டால் உங்களுக்குப் பொருந்துவது இந்த 5 டாலர் வரம்புதான். மனைவியையும் அமெரிக்கவாசியாகக் கருதும்படி கேட்டுச் சேர்ந்து தாக்கல் செய்யச் சட்டம் இடம் தருகிறது. அதற்கு அவருக்கு ஐடின் என்ற வரி எண் வாங்க வேண்டும். ஆனால் அப்படிச் செய்தால் அவருடைய சம்பளம், நகைச்சீட்டு, வங்கி வட்டி எல்லாமே அமெரிக்கக் கணக்கின் வரம்புக்குள் வந்துவிடும். மனைவிக்குத் தனி வருமானமோ சேமிப்போ இருந்தால், அவரை இதற்குள் இழுக்காமல் இருப்பதே என் பரிந்துரை.

இனி, இரட்டை வரி. உங்கள் சம்பளத்துக்கு இரண்டு வகை நிவாரணம் உண்டு. ஒன்று, வெளிநாட்டில் உழைத்துச் சம்பாதித்ததை ஒரு வரம்பு வரை கணக்கிலிருந்து நீக்கிவிடுவது, படிவம் 2555. இந்த வரம்பு 2024க்கு 1,26,500 டாலர், 2025க்கு 1,30,000 டாலர். மற்றொன்று, இந்தியாவில் கட்டிய வரியை அமெரிக்க வரியில் கழித்துக்கொள்வது, படிவம் 1116. உங்கள் 42 லட்சம் ஏறத்தாழ 50,000 டாலர். அதன்மேல் இந்தியாவில் புதிய வரித் திட்டப்படி 2024-25இல் ஒன்பதரை லட்ச ரூபாய்க்கு மேல், அதாவது சுமார் 11,000 டாலர் கட்டியிருப்பீர்கள். அதே தொகைக்கு அமெரிக்க வரி 4,000 டாலர் அளவில்தான் வரும். ஆகவே எந்த வழியில் போனாலும் சம்பளத்துக்கு அங்கே ஒன்றும் கட்ட வேண்டியிராது. இருந்தாலும் இந்தியச் சம்பளக்காரர்களுக்கு இரண்டாவது வழியே மேல் என்பேன். மிஞ்சுகிற வரிக் கழிவைப் பத்தாண்டு வரை முன்கொண்டுசெல்லலாம். முதல் வழியில் மிச்சம் என்று எதுவும் கிடைக்காது. மேலும் அதை ஒருமுறை எடுத்துப் பின்னர் கைவிட்டால், ஐஆர்எஸ்ஸின் அனுமதி இல்லாமல் ஐந்தாண்டுக்கு மறுபடி எடுக்க முடியாது.

முதல் வழியை எடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. அதற்குத் தகுதி பெற, பன்னிரண்டு மாதத்தில் 330 முழு நாட்கள் அமெரிக்காவுக்கு வெளியே இருந்ததைக் காட்டலாம். அல்லது தான் இந்தியாவின் உண்மையான வாசி என்று சொல்லலாம். கார்டைத் தக்கவைத்துக்கொள்ள விரும்புகிறவர் பின்னதை எழுதிக் கையெழுத்திடுவது, குடியேற்ற அதிகாரி முன் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்வதைப் போல ஆகிவிடக்கூடும். நாட்களை எண்ணிக் காட்டுவதே அவருக்குப் பாதுகாப்பு.

சம்பளத்தில் இல்லாத சிக்கல், இந்தியாவில் வரியே இல்லாத வருமானங்களில் வருகிறது. பிபிஎஃப் வட்டிக்கு இங்கே வரி கிடையாது. சம்பா அறுவடைக்குப் பின் உங்கள் நஞ்சைக்குக் குத்தகைக்காரர் கொடுக்கும் பணமும் விவசாய வருமானம் என்பதால் இந்தியாவில் வரிவிலக்குப் பெற்றது. ஆனால் அமெரிக்கச் சட்டத்தில் இந்த விலக்குகள் எதுவும் இல்லை. இங்கே வரி கட்டாததால் அங்கே கழித்துக்கொள்ளவும் ஒன்றுமில்லை. சம்பளத்தில் மிஞ்சிய வரிக் கழிவை எடுத்து இதற்கு ஈடுகட்டவும் முடியாது. சம்பளம் ஒரு கூடை, வட்டி, வாடகை, ஈவுத்தொகை போன்றவை வேறொரு கூடை என்று படிவம் 1116 பிரித்து வைத்திருக்கிறது. கும்பகோணத்து வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால், இந்தியாவில் நீங்கள் கழிக்கும் 30 விழுக்காட்டு நிலைக்கழிவும் அங்கே கிடையாது. அதற்குப் பதில் உண்மையில் ஆன செலவையும், கட்டடத்தின் மதிப்பை 30 ஆண்டுக்குப் பகிர்ந்து வரும் தேய்மானத்தையும் கழிக்கிறார்கள். மனையின் மதிப்புக்குத் தேய்மானம் இல்லை என்பதால், கட்டடத்தையும் மனையையும் பிரித்து மதிப்பிட்ட ஆவணம் ஒன்று கையில் இருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் கடுமையானது மியூச்சுவல் ஃபண்ட். மாதம் ஐயாயிரம், பத்தாயிரம் என்று எஸ்ஐபி போடும் நம் ஊர் ஃபண்டுகள் அனைத்தும், அமெரிக்கச் சட்டத்தில் பிஃபிக் என்று அழைக்கப்படும் வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்களாகவே கருதப்படுகின்றன. அமெரிக்கர்கள் வெளிநாட்டு ஃபண்டுகளில் பணத்தைப் போட்டு வரியைத் தள்ளிப்போடாமல் தடுக்க 1986இல் வந்த விதி இது. நீங்கள் விற்கும்போது கிடைக்கும் லாபத்தை, வைத்திருந்த நாட்கள் முழுவதற்கும் சமமாகப் பரப்புவார்கள். முந்தைய ஆண்டுகளுக்கு விழும் பங்குக்கு அந்தந்த ஆண்டின் உச்ச விகிதத்தில் வரி போடுவார்கள். 2018 முதல் அது 37 விழுக்காடு. அந்த வரியை அப்போதே கட்டாமல் விட்டதாகக் கொண்டு, அதற்கு வட்டியும் சேர்ப்பார்கள். உங்கள் உண்மையான வரி அடுக்கு எவ்வளவு குறைவாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. ஒவ்வொரு ஃபண்டுக்கும் தனித்தனியாகப் படிவம் 8621 நிரப்ப வேண்டும். எட்டு ஃபண்டு இருந்தால் எட்டு படிவம். ஆண்டிறுதியில் எல்லாம் சேர்ந்து 25,000 டாலருக்குள் இருந்து, அந்த ஆண்டில் எதையும் விற்காமலும் பங்காதாயம் வாங்காமலும் இருந்தால் மட்டும் படிவத்திலிருந்து விலக்கு உண்டு. ஆண்டுதோறும் மதிப்பு உயர்வை வருமானமாகக் காட்டிவிடும் மாற்றுத் தெரிவும் இருக்கிறது. நிபந்தனைகள் பொருந்தினால் அது எவ்வளவோ தேவலை. கார்டை வைத்திருக்கும் எண்ணம் இருக்கும்வரை புதிய எஸ்ஐபி எதையும் தொடங்காதீர்கள் என்பதே நான் எவருக்கும் சொல்வது. சாதாரண இந்தியத் தொழில் நிறுவனப் பங்குகளை நேரடியாக டீமேட்டில் வைத்திருப்பதற்குப் பொதுவாக இந்தத் தொல்லை இல்லை.

வரிக் கணக்கோடு நிற்காமல், கணக்குகளைப் பற்றிய அறிக்கைகளும் உண்டு. எஃப்பார் எனப்படும் அறிக்கை, அமெரிக்காவுக்கு வெளியே உள்ள நிதிக் கணக்குகள் அனைத்தின் மொத்தமும் ஆண்டில் ஏதேனும் ஒரு நாளில் 10,000 டாலரைத் தாண்டினால் தர வேண்டியது. இது வரிக் கணக்கோடு இணைத்து அனுப்புவதல்ல. கருவூலத்தின் நிதிக்குற்றத் தடுப்புப் பிரிவுக்குத் தனியே இணையம் வழியாகப் போகிறது. சேமிப்புக் கணக்கு, வைப்புநிதி, பிபிஎஃப், டீமேட், ஃபண்டு, பணமதிப்புள்ள எல்ஐசி பாலிசி எல்லாம் இதில் சேரும். வீடு, நிலம், வங்கி லாக்கரில் இருக்கும் நகை ஆகியவை சேரா. நம் குடும்பங்களில் அடிக்கடி தவறவிடப்படுவது பெற்றோரின் கணக்கு. அம்மாவின் ஓய்வூதியம் வரும் கணக்கில், ஆத்திர அவசரத்துக்கு எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று மகன் பெயரையும் சேர்த்திருப்பார்கள். பணம் முழுக்க அம்மாவுடையதாக இருந்தாலும், அந்தக் கணக்கின் முழுத் தொகையையும் மகன் தன் எஃப்பாரில் காட்ட வேண்டும். இதற்கு வரி இல்லை, காட்டினால் போதும்.

எஃப்பாரை உள்நோக்கம் இல்லாமல் தவறவிட்டதற்குச் சட்டம் வைத்த உச்சத் தண்டம் 10,000 டாலர். பணவீக்கத்தை ஒட்டி உயர்ந்து இப்போது அது 16,000ஐத் தாண்டிவிட்டது. இதை ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனியாகப் போடலாமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. அமெரிக்காவிலிருந்து தாய்நாடான ருமேனியாவுக்குத் திரும்பிய பிட்னர் என்பவர்மீது, ஐந்தாண்டில் 272 கணக்குகளுக்கென்று 27.2 லட்சம் டாலர் தண்டம் விதித்திருந்தார்கள். ஆண்டுக்கு ஓர் அறிக்கைதான், ஆகவே தண்டமும் அறிக்கைக்கு ஒன்றுதான் என்று 2023 பிப்ரவரியில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொகை 50,000 டாலராக இறங்கியது. ஊர் திரும்பிய எல்லாருக்கும் ஆறுதல் தரும் தீர்ப்பு இது. ஆனால் தெரிந்தே மறைத்தவர்களுக்கு அது பொருந்தாது. அவர்களுக்குக் கணக்கில் உள்ளதில் பாதி வரை போகலாம்.

இதைத் தவிர வெளிநாட்டுக் கணக்குகளைத் தெரிவிக்கச் செய்யும் 2010இன் ஃபாட்கா சட்டப்படி, நிதிச் சொத்துகள் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் வரிக் கணக்கோடு படிவம் 8938ஐயும் இணைக்க வேண்டும். வெளிநாட்டில் வாழ்ந்து தனித்துத் தாக்கல் செய்பவருக்கு அந்த அளவு ஆண்டின் கடைசி நாளில் 2,00,000 டாலர், அல்லது ஆண்டில் எப்போதேனும் 3,00,000 டாலர். ஃபாட்காவில் உங்களை நேரடியாகத் தொடும் இடம் வேறொன்று. 2015 ஜூலையில் இந்தியாவும் அமெரிக்காவும் கையெழுத்திட்ட உடன்பாட்டின்படி, இந்திய வங்கிகளும் ஃபண்டு நிறுவனங்களும் அமெரிக்க வரிவாசிகளின் கணக்கு விவரத்தைத் திரட்டி அனுப்புகின்றன. கணக்குத் தொடங்கும்போது கேஒய்சி படிவத்தில், "இந்தியா தவிர வேறு நாட்டில் வரிவாசியா?" என்று ஒரு கட்டம் இருக்கும். இந்தியாவில்தானே இருக்கிறோம் என்று நினைத்து "இல்லை" என்று குறியிட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். கிரீன் கார்டு இருப்பவர் அதில் "ஆம்" என்று குறித்து, அமெரிக்க சமூகப் பாதுகாப்பு எண்ணையும் தந்திருக்க வேண்டும். நீங்கள் என்ன குறியிட்டீர்கள் என்பதை முதலில் தேடிப் பாருங்கள். தவறாக இருந்தால் திருத்திய அறிவிப்பைக் கொடுத்துவிடுங்கள். ஏனென்றால், மறைக்கும் எண்ணம் இருந்ததா என்ற கேள்வி எழும்போது அந்தச் சிறிய கட்டம் பெரிய சாட்சியாகிவிடும்.

தந்தையிடமிருந்து வந்த சொத்துக்கு வருவோம். வாரிசாகப் பெற்றதற்கு உங்களிடம் அமெரிக்க வருமான வரி கேட்கமாட்டார்கள். ஆனால் அமெரிக்கர் அல்லாதவரிடமிருந்து ஓராண்டில் 1,00,000 டாலருக்கு மேல் கொடையாகவோ வாரிசுரிமையாகவோ பெற்றால், படிவம் 3520இல் தெரிவிக்க வேண்டும். வீடும் நிலமும் சேர்ந்து ஒரு கோடி ரூபாயைத் தொட்டாலே அந்த வரம்பைத் தாண்டிவிடும். தெரிவிக்காவிட்டால் மாதத்துக்கு 5 விழுக்காடு வீதம் 25 விழுக்காடு வரை தண்டம்; வரியே இல்லாத ஒன்றுக்கு இவ்வளவு தண்டம் என்பதால்தான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். வாரிசுச் சான்றிதழ், பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றோடு, தந்தை காலமான நாளில் சந்தை மதிப்பு என்ன என்று பதிவுபெற்ற மதிப்பீட்டாளரிடம் ஓர் அறிக்கை வாங்கி வையுங்கள். பத்திரப் பதிவுக்கான வழிகாட்டி மதிப்பை மட்டும் நம்பாதீர்கள். பின்னாளில் வீட்டை விற்கும்போது அமெரிக்கக் கணக்கில் உங்கள் அடக்கவிலை, காலமான நாளின் சந்தை மதிப்புதான். இந்தியாவிலோ தந்தை வாங்கிய விலையை, அல்லது அவர் 2001க்கு முன் வாங்கியிருந்தால் 2001 ஏப்ரல் 1இன் மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். அதனால் இங்கே பெரிய லாபமும் அங்கே சிறிய லாபமும் வருவது இயல்பு. இங்கே கட்டும் வரி அங்கே வருவதற்குத் தாராளமாகப் போதும்.

இத்தனையும் கேட்ட பிறகு, இந்திய-அமெரிக்க இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தத்தைக் காட்டி, "நான் இந்தியவாசி" என்று அமெரிக்கவாசி அல்லாதவருக்கான படிவம் 1040-என்ஆர் தாக்கல் செய்துவிடலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். 1989இல் கையெழுத்தான அந்த ஒப்பந்தத்தின் நான்காம் பிரிவு அதற்கு இடம் தருவது உண்மைதான்: நிரந்தர வீடு எங்கே, வாழ்வின் மையம் எங்கே என்று பார்த்து ஒரு நாட்டைத் தீர்மானிக்கிறது. ஆனால் விலை அதிகம். அமெரிக்கவாசி அல்ல என்று நீங்களே எழுதிக் கொடுத்தால், நிரந்தரக் குடியிருப்பைக் கைவிட்டதாகக் குடியேற்றத் துறை கருத அது ஆதாரமாகும். குடியுரிமை விண்ணப்பத்திலும் இதைப் பற்றிய கேள்வி இருக்கிறது. அதைவிட முக்கியமாக, நீண்ட காலம் கார்டு வைத்திருந்தவர் இப்படிச் செய்தால், வரிச் சட்டம் அவர் வெளியேறிவிட்டதாகவே எடுத்துக்கொள்ளும்.

அந்த "நீண்ட காலம்" எது என்பது உங்கள் விஷயத்தில் மிக முக்கியம். கடைசிப் பதினைந்து வரியாண்டில் எட்டு ஆண்டு கார்டு வைத்திருந்தால் நீண்டகாலவாசி. ஆண்டின் ஒரு நாள் வைத்திருந்தாலும் அது முழு ஆண்டாகக் கணக்காகும். 2016 டிசம்பரில் கிடைத்த கார்டுக்கு 2016 ஒரு முழு ஆண்டு. 2023 ஜனவரி பிறந்ததும் எட்டாவது ஆண்டு தொடங்கிவிட்டது. கையில் வைத்திருந்தது ஆறாண்டும் சில வாரமும்தான், ஆனால் சட்டத்துக்கு எட்டு. 2022 டிசம்பருக்குள் திருப்பித் தந்திருந்தால் இந்தப் பேச்சே எழுந்திருக்காது. ஏழாவது ஆண்டில் இருக்கும் வாசகர்கள் யாராவது இருந்தால், கார்டை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதை அந்த ஆண்டு முடிவதற்குள் தீர்மானித்துவிடுங்கள்.

நீண்டகாலவாசி கார்டைத் திருப்பித் தரும்போது படிவம் 8854 என்ற வெளியேறல் அறிக்கையைத் தர வேண்டும். நிகரச் சொத்து 20 லட்சம் டாலரை எட்டியிருந்தாலோ, முந்தைய ஐந்தாண்டின் சராசரி அமெரிக்க வரி ஒரு வரம்பைத் தாண்டியிருந்தாலோ, வெளியேறும் வரி அவரைப் பிடிக்கும். அந்தச் சராசரி வரம்பு 2025க்கு 2,06,000 டாலர். இரண்டும் உங்களுக்குப் பொருந்தாது என்று தோன்றுகிறது. மூன்றாவது சோதனைதான் சாதாரண மனிதர்களைச் சிக்கவைப்பது: முந்தைய ஐந்தாண்டும் அமெரிக்க வரிச் சட்டத்தை முழுமையாகப் பின்பற்றினேன் என்று உறுதிமொழி தர வேண்டும். அதைத் தர முடியாவிட்டால், சொத்து எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதே வலைக்குள் விழுவீர்கள். உலகெங்கும் உள்ள சொத்தையெல்லாம் முந்தின நாளே விற்றுவிட்டதாகக் கொண்டு லாபத்தைக் கணக்கிடுவார்கள். 2025க்கு முதல் 8,90,000 டாலர் லாபத்துக்கு விலக்கு உண்டு. ஆனால் ஐஆர்ஏ என்ற ஓய்வூதியச் சேமிப்புக் கணக்கு முழுவதையும் அன்றே எடுத்ததாகக் கருதுவார்கள், அதற்கு அந்த விலக்கு இல்லை. பிற்காலத்தில் அமெரிக்காவில் வாழும் பிள்ளைக்கோ உடன்பிறந்தவருக்கோ நீங்கள் பெரிய தொகை கொடுத்தால், பெறுபவர்மேல் 40 விழுக்காடு வரி விழும்.

எனவே கார்டை இன்றைக்கே திருப்பித் தந்துவிட்டுத் தலைமுழுகிவிடலாம் என்ற அவசரம் உங்களுக்கு ஆகாது. முதலில் பழைய கணக்குகளைச் சரிசெய்ய வேண்டும்; கார்டு அதன் பிறகு. சரிசெய்வதற்கு ஐஆர்எஸ் நல்ல வழி ஒன்றைத் திறந்து வைத்திருக்கிறது. வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கான எளிமைப்படுத்தப்பட்ட தாக்கல் முறையில், கெடு முடிந்த கடைசி மூன்றாண்டின் வரிக் கணக்குகளையும், ஆறாண்டின் எஃப்பார் அறிக்கைகளையும் தந்து, வரும் வரியையும் வட்டியையும் கட்டினால், தண்டம் விதிக்கமாட்டார்கள். மூன்றாண்டில் ஏதேனும் ஓராண்டில் 330 நாட்கள் வெளியே இருந்து, அமெரிக்காவில் வீடு இல்லாமல் இருந்தால் தகுதி உண்டு. உங்களுக்கு அது சிரமமல்ல. 2025க்கான கெடு முடியும்வரை உங்கள் மூன்றாண்டு 2022, 2023, 2024. இவற்றில் 2022க்குத் திருத்தக் கணக்கு தர வேண்டும், மற்ற இரண்டும் புதிது. 2024 கணக்கோடு 3520ஐயும் சேர்த்துவிடுங்கள். ஐஆர்எஸ் உங்கள்மேல் விசாரணையைத் தொடங்கிவிட்டால் இந்தக் கதவு மூடிவிடும்.

இந்த முறையின் உயிர் படிவம் 14653இல் எழுதும் விளக்கத்தில் இருக்கிறது. வேண்டுமென்று செய்யவில்லை என்று ஒரு வரி எழுதினால் ஏற்கமாட்டார்கள். எப்போது ஊர் திரும்பினீர்கள், ஏன் கடமை இல்லை என்று நினைத்தீர்கள், யாரிடம் ஆலோசனை கேட்டீர்கள், எப்போது உண்மை தெரிந்தது, ஒவ்வொரு கணக்கிலும் பணம் எங்கிருந்து வந்தது என்று நடந்ததை நடந்தபடி, உங்களுக்குச் சாதகமில்லாததையும் விடாமல் எழுத வேண்டும். கேஒய்சி கட்டத்தில் தவறாகக் குறியிட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். பொய்ச் சத்தியத்துக்கான தண்டனையை ஏற்றுக்கொண்டு கையெழுத்திடும் ஆவணம் இது. இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும்: இதுவரை தெரியாமல் விட்டது ஒன்று, தெரிந்த பிறகும் வாளாவிருப்பது வேறொன்று. கடமை உண்டு என்று அறிந்த பிறகு கழியும் ஒவ்வொரு மாதமும் உங்கள் விளக்கத்தைப் பலவீனமாக்கும்.

ஒரு நுணுக்கத்தை மறந்துவிடாதீர்கள். இந்த முறை மூன்றாண்டைச் சரிசெய்கிறது. கார்டைத் திருப்பித் தரும்போது கேட்கும் உறுதிமொழியோ ஐந்தாண்டுக்கு. 2026இல் திருப்பித் தந்தால் பார்க்கப்படுவது 2021 முதல் 2025 வரை. 2021இல் நீங்கள் கணக்குத் தாக்கல் செய்திருந்தாலும், அப்போது இந்தியாவில் என்ஆர்இ (வெளிநாடுவாழ் இந்தியர்) கணக்கில் வந்த வட்டியைக் காட்டினீர்களா? இந்தியாவில் அதற்கு வரி இல்லாததால் பலர் விட்டிருப்பார்கள். விட்டிருந்தால் அந்த ஆண்டுக்குத் தனியாகத் திருத்தக் கணக்குப் போட்ட பிறகே 8854இல் கையெழுத்திட வேண்டும்.

உங்களுக்குப் பொருந்தாவிட்டாலும், ஊரிலிருந்து தனியாக ஆலோசனைத் தொழில் செய்பவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே சமூகப் பாதுகாப்பு உடன்பாடு இல்லை. அதனால் சுயதொழில் செய்யும் கிரீன் கார்டுக்காரர், வருமான வரி ஒன்றும் வராவிட்டாலும், சமூகப் பாதுகாப்புக்காக வாங்கும் 15.3 விழுக்காடு சுயதொழில் வரியைக் கட்ட வேண்டும். படிவம் 2555இன் விலக்கு இதைத் தொடாது. 60,000 டாலர் நிகர வருமானத்துக்கு இது சுமார் 8,500 டாலர். இதைத் தவிர்க்க இந்தியாவில் ஒரு பிரைவேட் லிமிடெட் நிறுவனம் தொடங்கினால், படிவம் 5471 என்ற கனமான அறிக்கை ஆண்டுதோறும் வந்து சேரும். அதை விட்டால் தண்டம் 10,000 டாலர். எது குறைந்த சுமை என்று தொடங்கும் முன்பே கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். கலிபோர்னியா போன்ற மாநிலத்திலிருந்து திரும்பியவர்கள், அங்கிருந்து நிலையாகப் புறப்பட்டுவிட்டதற்கான சான்றுகளையும் வைத்திருக்க வேண்டும். அந்த மாநிலம் வெளிநாட்டுச் சம்பள விலக்கை ஏற்பதில்லை.

இந்தியப் பக்கத்தையும் விட்டுவிடக் கூடாது. திரும்பி வந்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் பெரும்பாலும் சாதாரணவாசி அல்லாதவர் என்ற தகுதி இருக்கும். அது முடிந்ததும் அமெரிக்காவில் விட்டுவந்த 401(கே) ஓய்வூதியக் கணக்கு, பங்குக் கணக்கு, வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் இந்திய வரிக் கணக்கின் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்ட வேண்டும். விட்டால் 2015இன் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்ச ரூபாய் தண்டம் விதிக்க முடியும்.

கார்டை வைத்துக்கொள்வதே உங்கள் முடிவானால், வரிக் கணக்கைச் சரியாகத் தந்துகொண்டிருப்பது மட்டும் அதைக் காப்பாற்றாது என்பதையும் அறிந்திருங்கள். ஆண்டுக்கு இரண்டு வாரப் பயணம் என்பது குடியேற்ற அதிகாரியின் பார்வையில் வருகையாளரின் பயணம். இரண்டாண்டு வரை செல்லும் மறுநுழைவு அனுமதியைக்கூட அமெரிக்காவில் இருக்கும்போதுதான் விண்ணப்பிக்க முடியும். அதை ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடமும், வரியை வெளிநாட்டுவாழ் அமெரிக்கர்களின் கணக்கில் பழகிய ஒரு சிபிஏ (அமெரிக்கத் தணிக்கையாளர்) அல்லது என்ரோல்டு ஏஜெண்டிடமும் (ஐஆர்எஸ் உரிமம் பெற்ற வரி முகவர்) கேளுங்கள். உள்ளூர் ஆடிட்டரிடம் இந்தியக் கணக்கு, படிவம் 16, முன்வரி ரசீது ஆகியவற்றை வாங்கிக்கொள்ளலாம். ஆனால் இங்கே நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால், ஜனவரி முதல் டிசம்பர் வரை சம்பளச் சீட்டுகளையும் வட்டி விவரங்களையும் மாதவாரியாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். 2025க்கான கணக்கின் கெடு ஏப்ரல் 15 என்றாலும், வெளிநாட்டில் வாழ்வதால் ஜூன் 15 வரை தானாகவே நீட்டிப்பு உண்டு; படிவம் 4868 தந்தால் அக்டோபர் 15 வரை. வரி ஏதும் கட்ட வேண்டியிருந்தால் அதற்கான வட்டி மட்டும் ஏப்ரல் 15இலிருந்தே ஓடும்.